கிணற்றின் பெயருக்கு முன்னால் ஒரு சுழி

எங்கள் கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்பதைப் பதினொரு வருடங்களுக்கு மேலாக, தினமும் காலை ஆறே காலுக்கு அளந்து வருகிறேன். நுனியில் ஈயக்குண்டு கட்டிய இரும்பு நாடா. அடி, அங்குலம், கால் அங்குலம் வரை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் படம் வரைந்தவன் நான். ஒரு நாள் அளக்காமல் விட்டால் முகம் கழுவாமல் இருப்பது போல இருக்கும். முதல் பதினொரு வருடத்தில் தவறியது இருபத்துநாலு நாள். அதில் ஆறு நாள் கண் சத்திரசிகிச்சை, மிச்சம் பதினெட்டும் காய்ச்சலும் செத்தவீடுகளும்.

அளவோடு இன்னொரு எண்ணும் உண்டு. அது உப்பு. அதற்குக் கருவி என் மனைவியின் நாக்கு. முதல் வாளித் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்வாள். பத்து வருடம் பூச்சியமும் ஒன்றுமாகப் போனது. போன மார்கழியில் முதன்முறையாக இரண்டு என்றாள். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் இன்னும் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிற வீடுகள் நாலு. அதில் ஒன்று எங்களுடையது. அவளுக்குப் பிரஷர். உப்பைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். சமையலில் குறைக்கலாம். கிணற்றில் எப்படிக் குறைப்பது?

முதலில் கொப்பிகளில்தான் எழுதினேன். மூன்றாவது வருடம் அலமாரிக்குள் கறையான் வந்து இரண்டு கொப்பிகளின் ஓரத்தைத் தின்றுவிட்டது. அந்த நேரம் என் மருமகள், தங்கையின் மகள், மெல்பேணிலிருந்து வந்து நின்றாள். கணினியில் வேலை செய்கிற பிள்ளை. இரண்டு நாளில் எனக்கென்று ஒரு சிறிய நிரல் எழுதித் தந்தாள். அதற்குத் தனியாகப் பெரிய தரவுத்தளம் எதுவும் வேண்டாம், நிரல் தன் தரவுத்தளத்தைத் தானே சுமந்துகொண்டு திரியும், எல்லா அளவும் ஒரே ஒரு கோப்பில் இருக்கும் என்றாள். அந்தக் கோப்பை 'டி' என்ற பிரிவில், கிணறு என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் வைத்தாள். கோப்பு எங்கே இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்ல, அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வரி எழுதினாள். பிரிவு, கோப்புறை, கோப்பு என்று முழுப் பாதையும் அந்த வரியில் இருந்தது.

"நீங்கள் எல்லைக்கல்லு நடுவியளே மாமா, அது மாதிரி. இஞ்சை நட்டாச்சு. இனி அசையாது," என்றாள்.

கொப்பியில் இருந்த அளவுகளை எல்லாம் நாற்பத்தொரு நாளில் தட்டச்சு செய்து ஏற்றினேன். கறையான் பரவிவிடும் என்று கொப்பிகளை மனைவி எரித்துவிட்டாள். பிரதி வைக்க மருமகள் தந்த பென் டிரைவை எங்கே பத்திரப்படுத்தினேன் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் மட்டும் நான் மெல்பேணுக்குப் பதினாலு தடவை தொலைபேசி எடுத்தேன். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லும். நான் உடனே தொலைபேசியைத் தூக்குவேன். பதினைந்தாவது தடவைக்கு முன்னால் அவள் நிரலைத் திருத்தி அனுப்பினாள். "இனி அது உங்களோடை சண்டை பிடிக்காது, மாமா," என்றாள். அதற்குப் பிறகு சிவப்புப் பெட்டி வரவே இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்பன்று நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஒரு காரியம் என்றே அப்போது நினைக்கவில்லை. கணினியில் ஏற்றிய நாளிலிருந்து மனத்தில் ஒரு குறை இருந்தது: கொப்பிகள் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன், கணினியில் போடவில்லை. உப்பு இரண்டானதும் அந்தக் குறை பெரிதாகிவிட்டது. புண்ணியகாலத்தில் தலைக்கு வார்த்து, சாமி கும்பிட்டு, கணினியைத் திறந்து, அந்தக் கோப்புறையின் பெயருக்கு முன்னால் 'உ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்தேன். பிறகு கிணற்றை அளந்து, வழக்கம்போல அன்றைய அளவைப் பதிந்தேன். நிரல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அது தினமும் அன்றைய அளவை மட்டும் கேட்கும். நானும் அதை மட்டும் கொடுப்பேன். பழைய பக்கங்களைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆவணி பிறந்ததும், எங்கள் காணிக்கு அடுத்த கிழக்கு வளவுக்காரர் குழாய்க்கிணறு அடிக்க அனுமதி கேட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. மேல்மாடி வைத்து வாடகைக்கு விட வீடு கட்டுகிறார், நாலு குளியலறை. அவர் அடிக்கப் போகும் இடத்திலிருந்து எங்கள் கிணறு நூற்றுப் பன்னிரண்டு அடி. ஆறு வருடத்துக்கு முன்னால் வடக்கு ஒழுங்கையில் ஒரு ஆழக் குழாய்க்கிணறு அடித்தார்கள். அதற்குப் பின் இரண்டு வருடத்தில் எங்கள் தண்ணீர் ஒரு அடி இரண்டு அங்குலம் இறங்கியது. உப்பும் பூச்சியத்திலிருந்து ஒன்றானது. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் என்னிடம் வரிவரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை சனசமூக நிலையத்தில் உத்தியோகத்தர் வந்து விசாரிப்பார், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். எனக்கு அது திருவிழா போல இருந்தது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அச்செடுக்க உட்கார்ந்தேன். ஒரு தாளுக்கு நாற்பத்தைந்து வரி. தொண்ணூற்றிரண்டு தாள் வேண்டும் என்று கணக்குப் பார்த்து நூறு தாள் வைத்தேன். இயந்திரம் மூன்றாவது தாளோடு நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் மூன்று தாள். வரிகளை விரலால் எண்ணினேன்: நூற்று இருபத்தெட்டு. முதல் வரி வருடப்பிறப்பு நாள். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

மெல்பேணுக்கு எடுத்தேன். அவள் வேலையிடத்தில் இருந்தாள்.

"பதறாதேங்கோ மாமா. வருசப்பிறப்பண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. முழுகினனான், கோயிலுக்குப் போனனான், கைவிசேடக் காசு குடுத்தனான், அளவு எடுத்துப் பதிஞ்சனான்."

"கொம்பியூட்டரிலை ஏதாவது மாத்தினீங்களோ?"

"நான் ஏன் மாத்திறன்? ஒண்டும் மாத்தேல்லை."

"சரி. டி-யைத் திறவுங்கோ. என்னென்ன போல்டர் இருக்கு? ஒவ்வொண்டா வாசியுங்கோ."

ஏழு இருந்தன. ஆறை வாசித்து, ஏழாவதாக "கிணறு" என்றேன். கடிதத்தை உரத்து வாசிக்கிறவர் யாரும் தலையிலுள்ள சுழியை வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை.

"எழுத்தெல்லாம் சரியோ?"

"ஆறு எழுத்து. சரி."

"உள்ளுக்கை கோப்பு இருக்கோ?"

"ஒண்டு இருக்கு."

அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒற்றை வரியை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னாள். சாய்கோடு இரண்டு, புள்ளி ஒன்று; எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் சரி என்றாள்.

"பாதையும் சரி, போல்டரும் இருக்கு, கோப்பும் இருக்கு. பேந்து ஏன் திறக்குதில்லை? கோப்பு பழுதாப் போச்சோ தெரியேல்லை. அதைத் தொடாதேங்கோ மாமா. சனிக்கிழமை லீவு, வடிவாப் பாக்கிறன்."

"வெள்ளிக்கிழமை கூட்டம், பிள்ளை."

"அப்ப அந்தக் கோப்பை எனக்கு அனுப்பிப் பாருங்கோ."

செவ்வாய் மூன்று தடவை, புதன் ஐந்து தடவை முயன்றேன். எங்கள் வீட்டில் தொலைபேசியின் சிக்னல் கோடு ஒன்றோ இரண்டோதான் ஏறும். ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்தது. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் திரையை ஒரு படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புவமே?"

"படம் எதுக்கு? எனக்கு வாசிக்கத் தெரியும். எல்லாம் வாசிச்சுச் சொல்லிப்போட்டன்."

அவள் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று தாளோடு போனேன். பதினொரு கதிரை போட்டிருந்தார்கள், ஒன்பதில் ஆட்கள். உத்தியோகத்தர் இளையவர், மரியாதையானவர். மூன்று தாளையும் முழுதாகப் பார்த்தார்.

"ஐயா, உதிலை நாலு மாசம்தானே இருக்கு?"

"மிச்சம் பதினொரு வருசம் கொம்பியூட்டருக்கை இருக்கு. திறக்குதில்லை."

"சித்திரையிலையிருந்து ஆவணி வரைக்கும் எந்தக் கிணத்திலையும் தண்ணி இறங்கும், ஐயா."

"ஓம், இறங்கும். ஆனா முந்தி ஆறு வருசத்துக்கு முன்னம்..."

"அதைத்தான் எழுத்திலை கேக்கிறன், ஐயா."

பின்னால் இருந்த ஒருவர் தாளை எட்டிப் பார்த்தார். "உப்பு எண்டு போட்டிருக்கு. உது என்ன மீற்றர், அண்ணை?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "மனுசியின்ரை நாக்கு," என்றேன்.

"அப்ப அக்காவையெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும். கருவியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியள்."

எல்லோரும் சிரித்தார்கள். கிழக்கு வளவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வடக்கு ஒழுங்கை அளவுகள் எல்லாம் என் தலைக்குள் இருந்தன. எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று சொன்னேன். உத்தியோகத்தர் தலையாட்டினார், பேனையைத் திறக்கவில்லை. அனுமதி கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை நான் கிணற்றடியில் நின்ற நேரம், மனைவி என்னைக் கேட்காமலே திரையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். படம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. நான் நாடாவைச் சுற்றி முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது.

"மாமா, கிணறுக்கு முன்னாலை உதென்ன?"

"எது?"

"முன்னுக்கு ஒரு எழுத்து நிக்குதே."

"அது சுழி."

"எப்ப போட்டனீங்கள்?"

"வருசப்பிறப்புக்கு."

"நான் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"நீ பேரைத்தானே கேட்டனீ."

அவள் மெதுவாக விளங்கப்படுத்தினாள். கணினிக்குச் சுழியும் பெயரில் ஒரு எழுத்துத்தான். அமைப்பு வரியில் சொன்ன பெயரில் கோப்புறை இல்லை. இல்லாவிட்டால் நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளேதான் எழுதியிருக்கிறாள்: சத்தம் போடாமல், தான் நிற்கிற இடத்திலேயே ஒரு புதிய வெறுங்கோப்பை உண்டாக்கி வேலையைத் தொடர வேண்டும்.

"சிவப்புப் பெட்டி வந்தா நீங்கள் பயப்பிடுவியளெண்டுதான் அப்பிடி எழுதினனான். பிழை என்னிலையும் இருக்கு, மாமா."

எங்கள் தொழிலில் கல்லைக் காணவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு எழுதுவோம். தான் நிற்கிற இடத்தில் புதுக் கல் ஒன்றை நட்டுவிட்டு அளக்கத் தொடங்குகிறவனை வேலையை விட்டே கலைத்திருப்பார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பதினாலு தொலைபேசியும் நான் எடுத்ததுதான்.

"உ-வை அழியுங்கோ மாமா, எல்லாம் வரும்."

சுட்டியை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இருந்தேன். போட்ட சுழியை அழிப்பதா? அதற்குப் பதிலாக அமைப்பு வரியில் உ-வைச் சேர்க்க முடியாதா என்று கேட்டேன். தான் அந்தப் பகுதியை எழுதிய காலத்தில் தமிழ் எழுத்தை நினைக்கவில்லை, அங்கே உ கேள்விக்குறியாகிவிடும் என்றாள். விரல் அசையவில்லை.

"தள்ளுங்கோ," என்று மனைவி வந்தாள். "பிள்ளையார் உதுக்கெல்லாம் கோவிக்கமாட்டார்." ஒரு விசை. சுழி போய்விட்டது.

நிரலைத் திறந்தோம். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு வரியும் இருந்தன. நூற்று இருபத்தெட்டையும், தாளில் எழுதி வைத்திருந்த ஐந்து நாள் அளவையும் பின்னேரத்துக்குள் நானே ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து சேர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை தொண்ணூற்றிரண்டு தாளோடு உத்தியோகத்தரிடம் போனேன். வடக்கு ஒழுங்கை வருடங்களை விரலால் தடவிப் பார்த்தார். "இது வெள்ளிக்கிழமை இருந்திருக்கலாம், ஐயா," என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. கடிதம் போய்விட்டதாம். புதன்கிழமை துளை போடுகிற வாகனம் வந்தது. எட்டரை மணித்தியாலம் சத்தம் கேட்டது. அடுத்த நாள் கிழக்கு வளவுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வாசல் படலைக்கு வந்தார்.

"அண்ணை, உங்கடை கிணத்திலை தண்ணி குறைஞ்சா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அண்டைக்கே மோட்டரை நிப்பாட்டுறன்."

"ஓம்," என்றேன்.

மோட்டார் போட்டு ஒரு கிழமையில், ஏழே நாளில், எங்கள் தண்ணீர் மூன்று அங்குலம் இறங்கியது. படலை வரைக்கும் நடந்தேன். பிறகு திரும்பி வந்து கணினியைத் திறந்தேன். போன பதினொரு வருடமும் இதே கிழமையில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தேன். ஒரு வருடம் ஒன்று, நாலு வருடம் இரண்டு, ஆறு வருடம் மூன்று. ஆக, மூன்று என்பது வழக்கம்தான். வடக்கு ஒழுங்கைக் குழாய் எங்கள் கிணற்றில் தெரிவதற்கு இரண்டு வருட அளவு தேவைப்பட்டது. இதற்கும் அவ்வளவு தேவைப்படும். எனக்கு இப்போது வயது எழுபத்தொன்பது.

"இண்டைக்கு எத்தினை?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் மிடறை வாயில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். "ரண்டு," என்றாள். பிறகு, "ரண்டெண்டே போடுங்கோ," என்றாள்.

இரண்டு என்று பதிந்தேன்.