தீபாவளிக்கு வரும் மாடல்

மாசிலாமணி எதையும் சட்டென்று வாங்குகிறவர் அல்ல. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தார். குடுவைகளைக் கழுவித் துடைத்து, அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டி அடுக்கி வைக்கிற வேலை. அந்த நிதானம் அவருடைய பேச்சிலும் நடையிலும் இருந்தது. 1993இல் விழுப்புரத்துக்குப் போய் ஜெசிந்தாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தவர், நாலு மாதம் கழித்துத்தான் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

"நாலு மாசம் இன்னாதான் யோசிச்சீங்க?" என்று ஜெசிந்தா கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சரின்னு தெரிஞ்ச பிறகும் கொஞ்ச நாளு மனசுல வச்சிக்கினு இருந்தேன். நல்லா இருந்துச்சி."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் டேப் ரெக்கார்டர் வாங்க எட்டு மாதம், மிக்சி வாங்க ஐந்து மாதம் என்று ஆனபோது, "உங்களோட பெரிய பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அங்கன்வாடியில் இருபது குழந்தைகளை மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு எல்லாமே ஜல்தியாக ஆக வேண்டும்.

2010இல் பெரிய டிவியும் ஆறு ஸ்பீக்கர் கொண்ட செட்டும் வந்தன. பத்துக்குப் பதினான்கு கூடத்தில் எந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று நூல் பிடித்து அளந்து, சுவரில் பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே செலவழித்தார். மாதா கோயில் பூசைக்குக்கூட ஜெசிந்தாவும் மகள் சகாய பிரியாவும்தான் போனார்கள். இனி, தட்டுப் போட்டுத் துல்லியமாகப் படம் பார்க்கிற ஒரு ப்ளூ-ரே பிளேயர் மட்டும் வந்துவிட்டால் வீட்டிலேயே தியேட்டர் என்றார். விழுப்புரத்தில் ஒரு கடையில் அதைப் பார்த்திருந்தார். கடலுக்கு அடியில் எடுத்த படம். மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது என்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளேயரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய நேரத்தில்தான் அவருடைய கால் வீங்கியது. செருப்பு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். பிறகு முகம் வீங்கியது. 2012 ஜூனில் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று சொன்னார்கள். தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று ஜெசிந்தா போய் நின்றாள். அவளுக்குச் சர்க்கரை இருந்ததால் முடியாது என்றுவிட்டார்கள். புதுச்சேரியில் நர்சிங் சேர்ந்திருந்த பிரியா, "நான் தர்றேம்பா" என்றபோது மாசிலாமணி முதல் தடவையாக மகளிடம் குரலை உயர்த்தினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். விடியற்காலை பஸ் பிடித்து விழுப்புரம் போய், ஒரு மருத்துவமனையின் மாடியில் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இடது கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வரும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர். டீயும் ரசமும் அதில் அடக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கூடாது. பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்கிறவர்களைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்.

அந்த நாலு மணி நேரத்தில் நோயைப் பற்றி அவர் பேசமாட்டார். கடைகளில் வாங்கிய பிளேயர் விளம்பரத் தாள்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். ஊசி குத்தாத கையால் ஒவ்வொன்றாக எடுத்து ஜெசிந்தாவிடம் விளக்குவார்.

"நம்ம ஆம்ப்ளிஃபையர் பழசு ஜெசி. புது பிளேயர்லல்லாம் படமும் சத்தமும் ஒரே வயர்ல வந்துடுது. அந்த வயர சொருவறதுக்கு நம்மளதுல எடமே இல்ல. பின்னாடி ஆறு துளை இருக்கற பிளேயரா பாக்கணும். அப்பத்தான் ஆறு ஸ்பீக்கரும் தனித்தனியா பேசும்."

"சரி, அத வாங்கிடலாம்."

"அதுல பழைய சிடி ஓடாது. பிரியா சின்னதுல கோயில்ல புதுநன்மை வாங்குன சிடிய எதுல போட்டுப் பாக்கறது? பழைய பிளேயரும் ரிப்பேரு. சிடி ஓடறதுல ஆறு துளை இல்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கறதா வரணும்."

பக்கத்துப் படுக்கையில் வளவனூர்க்காரர் சக்கரபாணி. கரும்பு போடுகிறவர், வாய் ஓயாது. "இன்னாத்துக்கு சார் தட்டு? என் மச்சான் பையன் பென் டிரைவுல எறக்கிக் குடுக்கறான். விரல் நீளம்கூட இல்ல, அதுல பத்து படம் இருக்குது," என்பார்.

"அதுல இந்த அளவுக்குத் தெளிவு வராதுங்க."

"நமக்குத் தெரியற தெளிவுக்கு அது போதும் சார்."

இந்த வாதம் ஏழெட்டு மாதம் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். ஜெசிந்தா நர்சைப் பார்த்தாள்; நர்ஸ் இல்லை என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மாசிலாமணி அன்று பையைத் திறக்கவில்லை. ஊசியை எடுத்த பிறகு, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு படி இறங்கும்போது சொன்னார்.

"பென் டிரைவ் போடறதுக்கும் எடம் இருக்கணும் ஜெசி. அதையும் சேத்துக்கலாம்."

உடம்பு இடம் கொடுக்கிற நாட்களில், பஸ் ஏறுவதற்கு முன் புதுச்சேரி சாலையில், கடல் படம் பார்த்த அந்தக் கடைக்குப் போவார்கள். விற்பனையைக் கவனிக்கிறவர் வெங்கடாசலம். நாற்பது வயதிருக்கும். வாங்காமலே வந்துபோகிற இவரை அவர் ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டு, கடல் படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளேயரையும் திருப்பிப் பின்பக்கம் காட்டுவார். ஒரு நாள், "நீங்க கேக்கற எல்லாம் ஒண்ணா இருக்கறது இப்ப எந்த கம்பெனியிலயும் இல்ல சார்," என்றார்.

"தீபாவளிக்குப் புது மாடல் வரும்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருந்தான். பாக்கலாம்," என்றார் மாசிலாமணி.

அதிலிருந்து எதற்கெடுத்தாலும் தீபாவளிக்கு வரும் மாடல்தான். அது வந்ததும் ஸ்பீக்கரை எப்படி மாற்றி வைப்பது, எந்தப் படத்தை முதலில் போடுவது, யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஜெசிந்தாவும் கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நாட்களில் பஸ்ஸில் அவர் பேசாமல் வந்தால், "அந்தத் தீபாவளி மாடலு இன்னா ஆச்சிங்க?" என்று அவளே எடுத்துக்கொடுப்பாள்.

2013 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது டாக்டர் அவளை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். இருதயப் படம் எடுத்திருந்தார்கள். இருதயம் பெரிதாகி, வலுவிழந்துவிட்டது என்றார். டயாலிசிஸைத் தாங்குவதே இனிக் கஷ்டம்.

"எவ்ளோ நாளு டாக்டர்?"

"அத யாரும் சொல்ல முடியாதும்மா. அவருக்கு ஏதாவது ஆசை இருந்தா தள்ளிப்போடாம செஞ்சு குடுங்க."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு படுக்கைக்குப் போனாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றாள். பிரியாவுக்குப் பரீட்சை நேரம், அவளிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் அதை மனதிலேயே வைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று பொய் சொல்லி, தனியாக விழுப்புரம் பஸ் ஏறினாள்.

வெங்கடாசலம் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "சார் வரலீங்களாம்மா?"

"இல்ல. நான்தான் வந்தேன். அந்த பிளேயரு ஒண்ணு குடுங்க."

"ரெண்டும் இருக்கறது இன்னும் வரலியேம்மா. சார் தீபாவளிக்குன்னு தானே..."

"தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேணாங்க."

வெங்கடாசலம் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பழைய சிடி ஓடும். ஆறு துளை கிடையாது. இன்னொன்றில் ஆறு துளை உண்டு; சிடி ஓடாது. ஜெசிந்தா வெகுநேரம் நின்றாள். எட்டு வயதில் வெள்ளை உடுப்போடு பிரியா மெழுகுவர்த்தி பிடித்து நடந்துவருவது அந்த சிடியில்தான் இருந்தது. நூல் பிடித்து அளந்த அந்த ஆறு ஸ்பீக்கர்களையும் நினைத்துப் பார்த்தாள்.

"ஆறு துளை இருக்கறதே குடுங்க," என்றாள். கடையில் ஓடவிடுகிற கடல் தட்டையும் வெங்கடாசலம் பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார். அதில் அச்சடித்திருந்ததை முழுக்கப் படித்தார். படித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"இதுல பிரியாவோட சிடி ஓடாதே ஜெசி."

"உங்களுக்குப் பிடிச்சது இதுதானேங்க."

"தீபாவளிக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்குது. உனக்கு இன்னா அவசரம்?"

அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். வாங்கியது பெரிய தப்பு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரின் வார்த்தையை வாயால் சொல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

ஒன்பது நாள் பெட்டி பீரோவின் மேல் பிரிக்காமல் கிடந்தது. செவ்வாயும் வெள்ளியும் வந்து போயின. மஞ்சள் பையை அவர் எடுத்துவரவில்லை. சாப்பிட்டாயா, பஸ் வந்துவிட்டது என்பதைத் தவிர இருவருக்கும் இடையில் பேச்சு இல்லை.

பத்தாம் நாள் சாயங்காலம், "அத எடு. மாட்டலாம்," என்றார்.

அவரால் குனிய முடியவில்லை. டிவிக்குப் பின்னால் அவள் ஊர்ந்துபோனாள். அவர் நாற்காலியிலிருந்தே நிறம் சொல்ல, ஒவ்வொரு வயராகச் செருகினாள். இரண்டை மாற்றிச் செருகிவிட்டாள். பின்னாலிருந்து வர வேண்டிய சத்தம் முன்னால் வந்தது. அவர் சிரித்தார். கடல் தட்டைப் போட்டார்கள். கூடம் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். நீல வெளிச்சத்தில் ஆமை ஒன்று மெதுவாக நீந்தி வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் தூங்கியிருந்தார். நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று, அந்தப் படத்தை அவள் ஒருத்தியாகக் கடைசிவரை பார்த்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். ஆசையாகப் போடச் சொல்வார். பத்து நிமிடத்துக்குள் தலை சாய்ந்துவிடும். உடம்பில் அவ்வளவுதான் மிச்சமிருந்தது. ஆமையைத் தாண்டி அவர் எதையும் பார்த்ததில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, விக்கிரவாண்டி தாண்டியதும் மூச்சு விட முடியவில்லை என்றார். பஸ்ஸிலிருந்த யாரோ ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. ஐம்பத்தோரு வயது. திண்டிவனத்தில் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து மண் போட்டார்கள்.

தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வந்து போனது. முப்பதாம் நாள் பூசைக்கு பிரியா வந்திருந்தாள். உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மத்தியானம், அம்மாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் அத வாங்காம இருந்திருக்கணும் பிரியா. புது மாடலு வருதுன்னு நம்பிக்கினு இருந்த மனுசன். அந்தப் பெட்டியப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சி போச்சி. நம்பிக்கைய நான்தான் புடுங்கிட்டேன்."

பிரியா அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு முன்னாடியே தெரியும்மா. மார்ச்லயே ஒரு ரிப்போர்ட்ட போன்ல படிச்சிக் காட்டி, இதுக்கு இன்னா அர்த்தம்னு என்னக் கேட்டாரு. நான் அழுதுட்டேன். அதுலயே புரிஞ்சிக்கினாரு. அம்மாவுக்குத் தெரிய வேணாம், அவ தாங்க மாட்டான்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

"அப்ப அந்தத் தீபாவளி மாடலு?"

"உனக்காகத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. அவருக்கு இல்ல."

ஜெசிந்தாவுக்கு அது உள்ளே இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. பெட்டியைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது தன் சாவு அல்ல. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது என்பது. அந்த ஒன்பது நாளும் அவர் துக்கப்பட்டது அவளுக்காக.

"அப்பவாவது ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசியிருக்கலாம்," என்றாள். பிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பிரியா புதுச்சேரிக்குக் கிளம்பினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு, ஜெசிந்தா அப்படியே அங்கன்வாடிக்குப் போனாள். குழந்தைகள் வந்துவிட்டிருந்தன. அவள் கதவைத் திறந்து, பாயை உதறி விரித்தாள்.