மடவை மீன் வந்த முகவரி

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, 'என் மகளைக் காணவில்லை' என்று திரு. டில்லிபாபு எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் பொய்யானது. அன்று காலை அந்த மகளின் கையில் மடவை மீனைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார்.

மகள் மோகனப்ரியா, வயது இருபத்தொன்பது. நெட்டுக்குப்பத்தில் பிறந்து, வண்ணாரப்பேட்டையில் சட்டை தைக்கும் பட்டறையில் மேற்பார்வையாளராக உயர்ந்தவள். நான் ஃப்ளோரா, ராயபுரத்துக்காரி. கன்டெய்னர் கிடங்கின் வாயிலில் லாரிகளைப் பதிவு செய்பவள். நாங்கள் திருவொற்றியூரில் ஒரே வீட்டில் இணையராக வாழ்ந்தோம். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் உள்ளது. நகல் என்னிடம் இருக்கிறது.

டில்லிபாபு வீட்டுக்குள் வரமாட்டார். முகத்துவாரத்தில் வலை வீசிப் பிடித்த மீனை ஞாயிறுதோறும் வாசலில் கொடுத்து, "மாங்கா போட்டு வை" என்று மட்டும் சொல்லித் திரும்புவார். மகளை ஏற்றுக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது என்று நினைத்திருந்தேன். மகன் தீபனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அன்று மதியம் எங்களைப் பற்றி விசாரித்தார்கள். மாலையில் புகார்.

மறுநாள் நிலையத்துக்கு எங்களை அழைத்தார்கள். தலைமைக் காவலர் கேட்டார்: "இன்னாம்மா, ரெண்டு பொம்பளைங்க ஒரே வூட்ல கீறீங்க. ஹாஸ்டலா நடத்துறீங்க?"

மோகனப்ரியா அங்கே உட்கார்ந்திருந்த தந்தையைப் பார்த்தாள். "நைனா, நேத்து மீன் குடுத்தியே. காணாம போனவளுக்கு எந்த அட்ரஸ்ல குடுத்த?"

அவர் தலை நிமிரவில்லை. "ஊர்ல கேக்குறாங்கம்மா."

என்னுடன் வாழவே விரும்புவதாக அவள் எழுதிக் கையொப்பமிட்டாள். நான் 2021ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை நீட்டினேன். இத்தகைய இணையர் வயது வந்தவர்கள், விருப்பப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அது.

"நீ வக்கீலா?" என்றார் தலைமைக் காவலர்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். மறுபடி உள்ளே போனபோது அவள் இல்லை. பின்வாசலில் ஆட்டோ வரவழைத்துத் தந்தையுடன் அனுப்பியிருந்தார்கள். அதன்பின் அவளது கைப்பேசி ஒலிக்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் கதவில் ஒரு பை தொங்கியது. கொண்டுவந்தவர் நிற்கவில்லை. எப்போதும் முழு மீனாக வரும் மடவை, இம்முறை செதில் நீக்கி, வாலை மட்டும் விட்டு அறுக்கப்பட்டிருந்தது. வாலோடு குழம்பு வைத்தால்தான் எனக்குப் பிடிக்கும் என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாங்காயும் வாங்கினேன், சமைக்கக் கை வரவில்லை.

அவள் அன்றும் காணாமற்போகவில்லை, இன்றும் காணாமற்போகவில்லை, அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள். காவல் நிலையத்தாரையே கேட்கிறேன்: வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக எந்தச் சட்டத்தின்படி அனுப்பினீர்கள்? அவள் கையொப்பமிட்ட வாக்குமூலம் எங்கே? வாய்மொழி விளக்கம் வேண்டாம். எழுத்தில் பதில் தருக. அனுப்ப வேண்டிய முகவரி டில்லிபாபுவுக்கு நன்றாகத் தெரியும்.