மாமன் மகன்

அந்தச் சட்ட உதவி அலுவலகத்தில் வெளிநாட்டுப் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி, என் பட்டம் சிட்னியில் செல்லாது என்று சொல்லிவிட்டதால் தட்டச்சு யந்திரத்துக்கு முன்னால் வந்து குந்தியவள். மற்றவர் டோங்காத் தீவுகளிலிருந்து வந்த வழக்கறிஞர். அரசாங்க உத்தரவுகளை எதிர்த்து வழக்காட அந்த நாட்டிலிருந்து வந்த முதல் பெண் என்று அவரைக் கொண்டாடினார்கள். கொண்டாடிவிட்டு, ஜன்னலில்லாத அறை ஒன்றைக் கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ சிரித்துக்கொண்டே இருப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. விசா முடிந்தும் தங்கிவிட்ட தீவுக்காரர்களைத் தொழிற்சாலை வாசல்களில் வைத்தே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பிடிபட்ட ஓர் இளைஞனின் மனு அவரிடம் வந்தது. வெள்ளிக்கிழமை அவனை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, அவனை நம்பி இந்த நாட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று காட்டுவதுதான்.

அவன் தனக்குச் சொந்தம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவர் மேலாளரிடம் கேட்டார். தீவுக்காரர் வழக்குகளைப் பார்க்கத்தானே உங்களை எடுத்தோம் என்றார் அந்த மனிதர்.

நானும் அவரும் பேசியது இங்கிலிசில். ஆனால் எனக்கு நினைவிருப்பதெல்லாம் எங்கள் தமிழில்தான்.

"என்ன முறை?" என்று கேட்டேன்.

"அம்மாவின்ர தமையன்ர மகன்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாமன் மகன் எங்களுக்கு மச்சான் அல்லவா? கட்டிக்கொள்ளும் முறை, பகிடி விடும் முறை. இதற்கா இந்த மனுஷி இவ்வளவு யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

தடுப்பு முகாமுக்கு நானும் கூடப் போனேன். ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்ட சின்ன அறை. காவலாளி ஒட்டுக்கேட்பானே என்று நான்தான் கதவைச் சாத்தினேன். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"மச்சானோட தனிய விடுறன், கவனம்!"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். அவன் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கடுதாசியைப் பார்த்துக் கேட்டார். அவன் சுவருக்குப் பதில் சொன்னான். இருவருக்கும் வியர்த்து வழிந்தது. எப்போது கதவு திறக்கும் என்று இரண்டு பேருமே காத்திருந்த மாதிரி இருந்தது. அரை மணித்தியாலத்தில் அவர் வெளியே வந்தார். 'உன்னை நம்பி இங்கே யாராவது?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதை நானே தட்டச்சில் அடித்தேன். மனு தள்ளுபடியாயிற்று. வெள்ளிக்கிழமை அவனை ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். அவனைத் தேடி வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஓடினேன். "ஏன் அவன் இதைச் சொல்லேல்லை?"

"எனக்கு முன்னால எப்படிச் சொல்லுவான்? வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரு அறையில தனிய இருக்கிறதே எங்களுக்குப் பிழை. இந்தக் கதையைக் கதைச்சா, அவன் என்னை அவமதிச்ச மாதிரி."

"தம்பியோ? மாமான்ர மகன் எண்டெல்லே சொன்னியள்!"

"எங்களுக்கு அவனும் தம்பிதான்."

கதவைச் சாத்தும்போது நான் விட்ட பகிடி ஞாபகம் வந்தது. "அப்ப உள்ள போகமாட்டன் எண்டு மேலாளரிட்டத் திருப்பிச் சொல்லியிருக்கலாமே?"

"முதலாவதா வந்தவள் நான். எங்கட ஆளோட ஒரு அறையில இருக்கேலாது எண்டு சொன்னா, இதுக்குப் பிறகு எங்கட பொம்பிளை ஒருத்தியையும் எடுக்கமாட்டினம்."

மேலாளர் மீது, அந்தப் பொடியன் மீது, எல்லோரையும் விட என் மீது ஆத்திரமாக இருந்தது. அவர் எழுந்தார். தன் கதிரையை வாசலுக்கு இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பெண்ணுக்குப் போட்டார். பக்கத்தில் குனிந்து, அந்த அறையில் அவனிடம் கேட்க முடியாமல் போனதைக் கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு" என்றாள் அவள். விமானம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.