எருக்குழிக்குப் போன பப்பாளி

அரியக்குடிக்குப் பக்கத்தில் ஒரு இயற்கைப் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ரசாயனம் போடாமல், மண்ணை இலைதழையால் மூடாக்கிட்டு, காட்டைப் போலப் பயிர்களைக் கலந்து வளர்க்கும் பெர்மாகல்ச்சர் பண்ணை. சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அதன் மூன்று அறங்களைச் சொல்லித்தருவது என் வேலை: மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர்ந்துகொள்.

ஒரு சனிக்கிழமை, களையெடுக்க வரும் அக்கா மரத்தடியில் விழுந்து கிடந்த பப்பாளியை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் அணில் கடித்திருந்தது. முதலாளி பார்த்துவிட்டார். பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னாலேயே நிறுத்தினார்.

"இங்க விளைஞ்சது எதுவும் வெளிய போகக் கூடாது. அது மண்ணோட சத்து. எருக்குழியில போடுங்க."

"அணில் கடிச்சதுதானய்யா. இதை விக்கவா போறீக? புள்ளைக்குக் குடுக்கலாம்னு எடுத்தேன்."

"போடுங்கன்னு சொன்னேன்."

போட்டார். முதலாளி கூட்டத்தைப் பார்த்து, "இதுதான் சுழற்சி" என்றார். சிலர் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் குழியைப் படம் பிடித்தார். அங்கே விளைந்த காய்கறி வாரந்தோறும் வேனில் சென்னைக்குப் போவது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றேன். அவரைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

மதிய வகுப்பில் இரண்டு அறங்களைச் சொன்னேன். மூன்றாவதற்கு நாக்கு எழவில்லை.

"காலையில பார்த்தீங்கள்ல? இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

"அந்தாளு வைஞ்சப்பவே சொல்லிருக்கலாம்ல, தாயி? இங்குட்டு வந்து சொல்லி என்ன ஆகப்போகுது?"



இப்போது நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில், அம்மா வழியில் வந்த மேட்டு நிலத்தில் நானும் அந்த அக்காவும் சரிபாதிப் பங்குக்குப் பயிர் வைக்கிறோம். அவரைச் சம்மதிக்கவைக்க ஆறு மாதம் ஆனது. முதல் வருடக் கடலையை மயில் தின்றது. இந்த வருடம் வரகும் துவரையும் தேறிவிட்டன.

அக்கா இன்னும் என்னை முழுதாக நம்பவில்லை. விளைச்சலைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பார். பார்க்கட்டும்.