தலைவர் வீட்டு ஆந்தைப் பெட்டி

எங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் ஒன்பதாம் விதி: குஞ்சுகள் இருக்கும் கூட்டுப்பெட்டியை, வனவிலங்கு இலாகாவின் எழுத்து அனுமதியின்றி எவரும் இடம் மாற்றக் கூடாது. அதை எழுதியவன் நான். அரசாங்க ஆபீசில் ஆயுளெல்லாம் கோப்பு பார்த்தவன் என்பதால் செயலாளர் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். தலைவர் பதவி, மைக் பிடித்தால் கீழே வைக்காத ஒரு லாரி முதலாளிக்கு.

செலண்டார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எலி விஷத்தை ஒழிக்க, கம்பங்களில் மரப்பெட்டி கட்டி ஆந்தைகளை எதிர்பார்த்தோம். ஒரே ஒரு ஜோடி வந்தது. தலைவர் வீட்டு வேலிக்குப் பின்னால் இருந்த பெட்டியில் குஞ்சு பொரித்தது. இவை பறக்கும்வரை விஷம் வைப்பதில்லை, பறந்துவிட்டால் அடியோடு நிறுத்திவிடுவதாக தோட்டத்து மேனேஜர் வாக்குக் கொடுத்தார். தலைவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு எடுத்த படம் சங்க வாட்ஸப்பில் வாரக்கணக்கில் உலாவியது.

ஆவணியில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முதல் நாள் போனேன். கம்பம் மொட்டையாக நின்றது.

"பெட்டி எங்க, தலைவரே?"

"ஓடைப் பக்கம் மாத்தியாச்சு லா, அண்ணே. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க வராங்க. தட்டு மாத்துற நேரத்துல ஆந்தை அலறுனா நல்லாவா இருக்கும்?"

"குஞ்சு?"

"பெட்டியோடதான் போச்சு. வீடு மாறுன மாதிரிதானே."

"தாய்கிட்டப் புது விலாசம் சொல்லிட்டீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "நல்ல காரியம் நடக்குற வீட்டுல அந்தப் பேச்சு எதுக்குண்ணே? வடை சூடா இருக்கு, சாப்பிடுங்க."

உடனே பழைய இடத்திலேயே கட்டுவோம் என்றேன். தலைவர் சிரித்தார். "குஞ்சு இருக்குற பெட்டியத் தொடக்கூடாது. நீங்க எழுதுன விதிதானே?"

ஏணி தோட்டத்துக் கங்காணியான மண்டோரிடம் இருந்தது. இலாகாவின் கடிதம், சூராட், கொண்டு வந்தால் தருவதாகச் சொன்னார்.

"அவருக்குக் கொடுக்கும்போது சூராட் கேட்டீங்களா?"

"அவரு தலைவர் லா."

அன்றே இலாகாவுக்கு எழுதினேன்: வரைபடம், படங்கள், 'மிக அவசரம்' என்ற தலைப்பு, ஒன்றும் குறையில்லை. சாயங்காலம் ஓடைப் பக்கம் போனபோது பெட்டிக்குள் குஞ்சுகள் சீறிக்கொண்டிருந்தன. தாய் இங்கே வரவில்லை. வேலிப் பக்கம் அந்த மொட்டைக் கம்பத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது.

நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது. தலைவர் உயிர்களிடத்தில் அன்பு பற்றி நெடுநேரம் பேசினார். தாம்பூலப் பையில் 'வனவிலங்கைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தார்கள். அத்தனை பேரும் கைதட்டினார்கள். சங்கத்து உறுப்பினர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

அடுத்த வாரம் பெட்டியில் சத்தம் இல்லை. கம்பத்தில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் விஷ மூட்டைகளை இறக்கச் சொன்னார். நான் ராஜினாமா கொடுத்தேன். விதிப்படி அதையும் தலைவர்தான் ஏற்க வேண்டும், ஏற்றார்.

பெட்டியைப் பழைய இடத்துக்கு மாற்ற அனுமதி உண்டு, குஞ்சுகளுக்குத் தொந்தரவு நேராமல் பார்த்துக்கொள்ளவும் என்று இலாகாவின் பதில் வந்து சேர்ந்தது, கார்த்திகை முதல் தேதி.