பத்தி பிரிக்கும் சாலோமி

திரையில் விரிந்திருக்கும் பக்கத்தின் ஓரத்தை மவுஸால் பிடித்து உள்ளே தள்ளுகிறார் சாலோமி. அருகருகே நிற்கும் மூன்று பத்தி இரண்டாகிறது. இன்னும் தள்ள, ஒன்றாகிறது. பிறகு வெளியே இழுக்கிறார். பக்கத்தில் வைத்த காபி ஆடை கட்டிவிட்டது. நாளுக்கு நூறு தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

பாளையங்கோட்டையில், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஊர் இதழ்களுக்கு இணையப் பக்கம் அமைத்துத் தருவது இவர் தொழில். செய்தித்தாளில் இருப்பது போலவே எழுத்தைப் பத்தி பத்தியாக ஓடவிடுவார். "எத்தன பத்தின்னு கேக்காதிய. ஒரு பத்தி எம்புட்டு அகலம்னு சொல்லுங்க. திரைக்குத் தக்கன அதுவே பிரிச்சுக்கிடும்" என்பார். பத்தி நீண்டுவிட்டாலும் பொறுக்க மாட்டார். "கீழ எறங்கி எறங்கி மேல ஏறதுக்கு இது என்ன பாபநாசம் மலையா?" வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தம் என்பதால் யாரும் கோபிப்பதில்லை.

அந்தக் கையும் ஒருமுறை சறுக்கியது. திருச்சபையின் மாத இதழை முதன்முதலாக இணையத்தில் ஏற்றியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஊர்ச் செய்திகள்: படம், அதன் கீழ் பெயர், அதன் கீழ் விவரம். அந்த மாதம் இறந்துபோன ஹெப்ரானின் படமும் பெயரும் முதல் பத்தியின் அடியில் நின்றுவிட்டன. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரி மட்டும் அடுத்த பத்தியின் தலைக்குத் தாவிவிட்டது. அதற்கு நேர் கீழே, எழுபது வயது நிறைந்த எஸ்றாவின் சிரித்த முகம்.

எஸ்றா வீட்டுக்குப் போன் மேல் போன். "அண்ணாச்சிய எப்ப அடக்கம் பண்ணுனிய?"

"இன்னும் பண்ணலவே. நான்தான் பேசுதேன்."

ஊரே சிரித்தது. சாலோமியால் முடியவில்லை. தோஹாவிலிருந்து ஹெப்ரானின் மகள் ஸ்டெபி அழைத்திருந்தாள். "அடக்கத்துக்குத்தான் வர முடியல. இந்தப் பக்கத்துலயாவது அப்பாவ ஒழுங்காப் போடக் கூடாதாக்கா?"

இதழாசிரியர் தேவசிகாமணி முடிவே கட்டிவிட்டார். "இது சரிப்படாதும்மா. அச்சுப் பக்கத்தையே போட்டோ பிடிச்சுப் போட்டுருவோம்."

"போன்ல ஒரு எழுத்து தெரியாது சார். எனக்கு ஒரு நாள் குடுங்க."

திருத்தம் ஒரே வரிதான்: ஓர் அறிவிப்பை நடுவில் உடைக்காதே, இடம் போதாவிட்டால் முழுதாக அடுத்த பத்திக்குக் கொண்டுபோ. அதை எழுதிவிட்டு, தெருக்காரர்களின் போன்களையெல்லாம் வாங்கிப் பார்த்தார். எஸ்றாவே தன் போனோடு மாடியேறி வந்தார். "நான் உசுரோட இருக்கேனான்னு பாரு தாயி."

இருந்தார். தேவசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே நீயே ஏத்து" என்றார். அப்போது ஸ்டெபியிடமிருந்து போன். "இப்ப அப்பா முழுசா இருக்காருக்கா." போன் கொடுக்க வந்து அருகில் நின்ற எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் ஊர்க்காரி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சாலோமி திரைக்குத் திரும்பினார். இம்மாதிரி விதிகளுக்கு எழுதுகிறவரே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்த வரிக்கு 'அறிவிப்பு' என்று வைத்திருந்ததை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, 'ஹெப்ரான்' என்று தட்டினார்.