புகையில்லாத வண்டிக்கு ஒரு புகைச் சான்றிதழ்

அந்த வட்டாரத்தில் 'கறார்' என்றால் ஒரே ஒரு ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவர் பெண்டாட்டிகூட மறந்திருப்பாள். வண்டிகளுக்குப் புகைச் சோதனை செய்து சான்றிதழ் கொடுப்பது தொழில். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து நீளும் ரப்பர் குழாய், குழாயின் நுனியில் ஒரு முழக் கம்பி. கம்பியை வண்டியின் சைலன்சருக்குள் செருகினால், புகையில் எது எவ்வளவு இருக்கிறது என்று பெட்டி சொல்லிவிடும். அளவுக்குள் இருந்தால் சான்றிதழ். மிஞ்சினால், சரி பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக மனுஷனுக்கு இதுதான் உலகம்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. புகை கக்குகிற வண்டியை முன்னால் நிறுத்தி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு, கம்பியைப் பக்கத்திலிருக்கிற நல்ல வண்டியில் செருகிவிடுவது. ஊரில் பாதி வண்டி அந்தப் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. கறார் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தத் தங்கையின் புருஷனே தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று பல்லைக் காட்டினான். இவர் நன்றாகவே பார்த்தார். தேறவில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார். வேன் நின்றது, வேனோடு அவன் பிழைப்பும் நின்றது. அதற்கப்புறம் அவன் இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை மட்டும் எப்போதாவது வருவாள். வந்தாலும் ஒட்டாமல் இருந்துவிட்டுப் போவாள்.

இப்படிப்பட்ட ஆளின் தலையில்தான் அந்த மின்சாரக் கார் வந்து விடிந்தது. விலை ரொம்பக் குறைவு. பைக் வாங்கப் போனவன்கூட இன்னும் கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் கார்க்காரனாகத் திரும்பி வரலாம் என்கிற மாதிரி விலை. ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? எதிர்க்கடை மெக்கானிக், அது வண்டியே இல்லை, பொம்மை, ஒரு மழைக்குத் தாங்காது என்று காலையில் சத்தியம் செய்தார். சாயங்காலம் ஷோரூமில் அதே பொம்மைக்குள் உட்கார்ந்து சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. டீக்கடைக்காரருக்கு அதன் சத்தமில்லாத நடைதான் பிடிக்கவில்லை. பின்னால் வந்து நிற்பதே தெரியவில்லை, பூனைக்குப் பிறந்த வண்டி என்று திட்டினார். பெட்ரோல் பங்கில் நிற்கிற பெண்ணோ, இனியாவது உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றாள். எங்கே உட்காரப் போகிறாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

எல்லோரும் கடைசியில் கறாரிடம்தான் வந்து நின்றார்கள். புகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதென்றால் அவரை விட்டால் யார்? அவரோ காலையில் நல்லது என்றார், மத்தியானம் போகப் போகத்தான் தெரியும் என்றார், சாயங்காலம் கேட்டவனிடம் எரிந்து விழுந்தார். புகை ஒழிய வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நின்ற ஆள். இப்போது அது ஒழியப் போகிறது. சந்தோஷப்படுவதா, தலையில் கை வைத்துக்கொள்வதா என்று அவருக்கே விளங்கவில்லை.

"புகை போனா நல்லதுதானேங்க?" என்று பெண்டாட்டி கேட்டாள்.

"நல்லதுதான்."

"அப்ப நாம?"

அவர் எழுந்து போய்க் கொட்டகைச் சாவியைத் தேடினார்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, அந்த வண்டியே கொட்டகை வாசலில் வந்து நின்றது. இளநீலம். உள்ளேயிருந்து இறங்கியவள் தங்கை.

அவள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. சொந்த வண்டி இருந்தால் நிரந்தரமாக்குகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். வண்டி வாங்கிவிட்டாள். பேப்பர்களை இன்று நாலு மணிக்குள் கம்பெனி ஆபீஸ் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வரிசையில் அடுத்தவளுக்குப் போய்விடும். எல்லாம் கொண்டுபோனாள். படிவத்தில் புகைச் சான்றிதழ் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. மின்சார வண்டிக்கு ஏது புகை என்று கேட்டதற்கு, அந்தக் கட்டத்தைப் போட்டவன் நான் இல்லையம்மா, அது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது என்று குமாஸ்தா கையை விரித்துவிட்டார்.

இதைவிட லேசான சோதனை உலகத்தில் உண்டா என்று கறாருக்கு உள்ளூரச் சிரிப்பு. தங்கைக்கு ஒரு நல்லது செய்யவும் வழி பிறந்தது. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போய்க் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். செருகுவதற்குச் சைலன்சர் எங்கே? ஒரு துளைகூட இல்லை. கம்பியைச் சும்மா பம்பருக்கு அடியில் பிடித்தார். பெட்டி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் காட்டியது. அவர் பட்டனை அழுத்த, 'கம்பி வண்டியில் இல்லை' என்று சிவப்பு எழுத்து வந்தது. கம்பியைக் காற்றில் பிடித்து ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அதற்காக மேலிடத்துக்கு நாலு மனு எழுதிப் போட்டவர் இவரேதான். மூன்று தடவை அழுத்தினார். மூன்று தடவையும் சிவப்பு.

மெக்கானிக் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார். தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறேன், அதில் ஒரு நிமிஷம் செருகு, யாருக்கும் நஷ்டமில்லை என்றார். கறார் முடியாது என்று தலையாட்டினார். அடுத்தவன் வண்டியின் புகையை இந்த வண்டியின் பேரில் எழுதுவதாவது. ஊரெல்லாம் அழுக்கைச் சுத்தம் என்று பொய் சொல்கிறது. இவர் சுத்தத்தை அழுக்கு என்று பொய் சொன்னால்தான் சான்றிதழ். எது நியாயம், எது தப்பு என்று குழம்பிப் போய்க் கம்பியோடு நின்றார். மணி மூன்று இருபது.

தங்கைக்குத் தாங்கவில்லை. "அவர் வண்டி புகை விட்டுச்சு, முடியாதுன்னே. சரின்னு போனோம். என் வண்டி புகையே விடல, இதுக்கும் முடியாதுங்கறே. அப்ப நான் எந்த வண்டியைத்தான்ணே கொண்டாரணும்?"

சொல்லிவிட்டு அழுதாள். மெக்கானிக் மெல்ல நழுவினார்.

கறார் கொட்டகைக்குள் போனார். சுவரில் ஒட்டியிருந்த விதியை எழுத்து எழுத்தாகப் படித்தார். 'ஓடும் நிலையிலுள்ள வண்டியிலிருந்து வெளிவரும் காற்று' என்று இருந்தது. இந்த வண்டியிலிருந்து என்ன காற்று வரும்? குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தானும் ஏறி உட்கார்ந்து, அவளை வண்டியை ஆன் பண்ணச் சொன்னார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அலுத்துப்போய்ப் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார். கம்பியின் நுனி அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. திரையில் எண்கள் அசைந்தன.

கறார் கம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஓடும் நிலையிலுள்ள வண்டிதான், அதிலிருந்து வெளிவருகிற காற்றுதான். விதியில் எந்த இடத்தில் தப்பு? கம்பியை உதட்டுக்கு நேராகப் பிடித்து, நெஞ்சு காலியாகும்வரை ஊதினார். பச்சை எழுத்து வந்தது. 'தேர்ச்சி.' பிரின்டர் கடகடவென்று தள்ளிய காகிதத்தை ஜன்னல் வழியாக எட்டி எடுத்து அவளிடம் கொடுத்தார். அதில் பொய் எதுவும் இல்லையென்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் உண்மை எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. எப்படியோ தங்கையின் வேலை பிழைத்தது. நாலு வருஷத்துக்கப்புறம் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் எண் எது என்று கேட்டாள். கார்பன் மோனாக்சைடு என்றார். அரைகுறையாக எரிகிற எரிபொருளிலிருந்து வருவது, பழைய காருக்கு நூற்றுக்கு மூன்றுவரை விடுவார்கள், இது வெறும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு, ஒன்றுமே இல்லை என்று பெருமையாக விளக்கினார். அவள் அவர் கையிலிருந்த கம்பியை வாங்கித் தானே ஊதினாள். முதல் எண் பூஜ்யமாகவே நின்றது. அவரை மறுபடி ஊதச் சொன்னாள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

"நீ சிகரெட் பிடிக்கிறியாண்ணே?"

"ஒருநாளும் தொட்டதில்லையே. உனக்குத் தெரியாதா?"

"தலைவலி?"

"சாயங்காலம் ஆனா இருக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதானே."

அவள் இறங்கிக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தாள். மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் படுதா. காலையிலிருந்து முப்பது வண்டி வந்து போயிருந்தது. திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா உன்மேல கோவமா இருந்தேன்ணே. இந்தப் புகைக்குள்ளயா இருந்தே நீ?"

அவருக்குப் புரியவில்லை. மணி மூன்று நாற்பதாகிவிட்டது, கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், கிளம்பு என்று அவசரப்படுத்தினார். கவுன்ட்டர் கிடக்கட்டும், பெல்ட்டைப் போடு என்றாள். காகிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதைக் கவுன்ட்டரில் கொடுக்கத்தானே வாங்கினாய் என்று கேட்டதற்கு, டாக்டருக்கு இது வேண்டும் என்றாள்.

"தேர்ச்சின்னுதானே போட்டிருக்கு?" என்றார் கறார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் கம்பெனி ஆபீஸுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவள் வலதுபக்கம் திருப்பினாள், ஆஸ்பத்திரிக்கு.